ஐந்து ரூபாயில் நூறு ஆண்டு மருத்துவம்: ஐசிஎம்ஆர் நினைவு நாணயம் பற்றி தர்மபுரியில் கேட்கப்படும் கேள்விகள்

2011இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்கு, அதாவது ஐசிஎம்ஆருக்கு, நூறு வயது நிறைந்தது. அதை நினைவுகூர்ந்து இந்திய அரசு ஓர் ஐந்து ரூபாய் நாணயம் வெளியிட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளுக்கு என் நாணயத் தொகுப்பை எடுத்துப்போவது வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காசையும் ஓட்டைக் காலணாவையும் ஆசையாகப் பார்க்கிற பிள்ளைகள், இந்தக் காசுக்கு வந்ததும் "சார், இது எங்க வீட்டு உண்டியல்லயே கிடக்குமே, இதை எதுக்கு வச்சிருக்கீங்க?" என்பார்கள். நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களும் கதை தெரிந்து வைத்திருக்க வேண்டிய காசு இது என்பது என் எண்ணம். பிள்ளைகளும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

காசில் என்ன இருக்கிறது? எப்படி அடையாளம் காண்பது?

ஒரு பக்கம் வழக்கமான அசோகர் சிங்கத் தூண், சத்யமேவ ஜயதே, ஐந்து ரூபாய் மதிப்பு. மறுபக்கம் கவுன்சிலின் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கூடவே 1911–2011 என்ற ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளையும் தேடினால் போதும், காசு சிக்கிவிடும்.

உலோகம் நிக்கல் பித்தளை: நூற்றுக்கு 75 பங்கு செம்பு, 20 துத்தநாகம், 5 நிக்கல். எடை 6 கிராம், குறுக்களவு 23 மில்லிமீட்டர். புதிதாக இருந்தால் மஞ்சள் பளபளப்பு, கைபட்டுப் பழகினால் மங்கிய தவிட்டு நிறம். இதற்குக் காந்தம் ஒட்டாது. டீக்கடைக்காரர் ஒருவர் மாதக் கடைசியில் சில்லறை டப்பாவைச் செய்தித்தாளில் கொட்டி என்னைக் கூப்பிடுவார். முதலில் ஒரு காந்தத்தைக் காசுகளுக்கு மேலே மெதுவாக ஓட்டுவேன். 2007 வாக்கில் வந்த மெல்லிய எஃகு ஐந்து ரூபாய்கள் துள்ளி ஒட்டிக்கொள்ளும். மிச்சம் கிடக்கும் மஞ்சள் காசுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினால் ரவீந்திரநாத் தாகூர், மதன் மோகன் மாளவியா, வைஷ்ணோ தேவி எல்லாம் வருவார்கள். அந்தக் கூட்டத்தில்தான் இதுவும் இருக்கும்.

ஆண்டை ஒட்டிச் சிறு குறி ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை நாணயச் சாலை, நட்சத்திரம் என்றால் ஐதராபாத், புள்ளி என்றால் நொய்டா. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது.

1911இல் என்ன நடந்தது? அப்போது வெள்ளைக்காரன் ஆட்சிதானே?

ஆமாம். அன்று இதன் பெயர் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம். அதன் ஆட்சிக்குழு முதன்முதலாக 1911 நவம்பர் 15 அன்று பம்பாய் பிளேக் ஆய்வுக்கூடத்தில் கூடியது. கூடிய இடத்திலேயே காரணமும் இருக்கிறது. 1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக் நாடெங்கும் பரவி உயிர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. 1898இல் பெங்களூருக்கும் வந்தது. ஓசூர் அங்கிருந்து கூப்பிடு தூரம். இப்படிப்பட்ட நோய்களை ஊசி போட்டு மட்டும் சமாளிக்க முடியாது, அவை எப்படிப் பரவுகின்றன என்று ஆராய வேண்டும், அதற்கென்று தனியாகப் பணம் வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது அந்தச் சங்கம். 1913இல் தனக்கென்று ஓர் ஆய்விதழையும் தொடங்கியது. அந்த இதழ் இன்றும் வருகிறது. கீழே அதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1949இல், இப்போதைய பெயர் வந்தது.

ஒரு நிறுவனத்துக்கு நூறு வயது ஆனது பெரிய மருத்துவச் சாதனையா?

வயது மட்டும் என்றால் இல்லை. அந்த நூறு ஆண்டில் செய்த வேலைகளில் ஒன்றிரண்டு உலக மருத்துவத்தையே திருப்பிப் போட்டவை. அவற்றில் எனக்கு முதலாவது சென்னையில் நடந்த காசநோய் ஆய்வு.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையம் உண்டு. தர்மபுரியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போன பிள்ளைகளில் பலர் மின்சார ரயிலில் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். 1928இல் அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்து வைத்தியம் இதுதான்: நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்து, முட்டையும் பாலும் கொடுத்து ஓய்வில் வைப்பது. வசதி இருந்தவன் போனான். கூலிக்காரன் எங்கே போவான்? படுக்கைகளும் சொற்பம்.

1940களிலும் 1950களிலும் பாஸ், ஐசோனியாசிட் போன்ற காசநோய் மருந்துகள் வந்தன. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. மருந்துதான் நோயைக் கொல்கிறது என்றால் சானடோரியம் எதற்கு? வீட்டில் வைத்தே கொடுத்தால் என்ன? இதற்கு விடை தேட 1956இல் சென்னையில் ஒரு மையம் தொடங்கினார்கள். ஐசிஎம்ஆர், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து அதை நடத்தின. முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர். சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவுக்கு அவர்கள் வீட்டிலேயும் ஓராண்டு அதே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கமான குடியிருப்பு, குறைவான சாப்பாடு, ஓய்வு கிடையாது. ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

1959இல் முடிவு வெளியானது. வீட்டில் குணமானவர்களுக்கும் சானடோரியத்தில் குணமானவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் நோயாளி இருந்ததால் மற்றவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய்ச் சானடோரியங்கள் மெல்ல மெல்ல மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். கண்முன்னே மருந்தை விழுங்கவைக்கும் முறைக்கும் அதே சென்னை மையத்தின் பிந்தைய ஆய்வுகள் அடித்தளம் போட்டன. இன்று பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ ஒருவர் காசநோய்க்கு இலவச மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே குடும்பத்தோடு இருக்க முடிகிறதென்றால், அதற்கான அறிவு இந்த மாநிலத்து ஏழைகளின் உடம்பில் சோதித்து வந்தது. அந்த நோயாளிகளின் பெயர் எந்தக் காசிலும் இல்லை. அவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் காசு நினைவுபடுத்துகிறது என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

சரி, தர்மபுரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நம் பல்லில் இருக்கிறது சம்பந்தம்.

நம் ஊரில் நிறையப் பேருக்குப் பல்லில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ குறுக்குப் பட்டை இருக்கும். சிலருக்குப் பல் சொரசொரவென்று குழி விழுந்திருக்கும். வெளியூர்ப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகும் நம் பிள்ளைகளுக்கு முதலில் கிடைக்கும் பட்டம் "பல்லு தேய்க்காதவன்". சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பெண்பிள்ளைகளை நான் வகுப்புக்கு வகுப்பு பார்க்கிறேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பல்லைப் பார்த்துவிட்டுப் போனவர்களின் கதையும் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. இது மனதை வாட்டுகிற விஷயம், ஏனென்றால் குற்றம் பிள்ளையுடையது இல்லை. குற்றம் தண்ணீருடையது.

அதைக் கண்டுபிடித்துச் சொன்ன வரலாற்றில்தான் காசு வருகிறது. 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் முதுகும் கழுத்தும் விறைத்துப்போன நோயாளிகளை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இருந்த எச். ஈ. ஷார்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இதற்குக் குடிநீரில் உள்ள புளோரைடுதான் காரணம் என்று எழுதினார்கள். பல்லைக் கறையாக்கி, முற்றினால் எலும்பையும் விறைக்கவைக்கும் இந்தப் புளோரோசிஸ் நோய் இந்தியாவில் ஆய்வுக் கட்டுரையாகப் பதிவானது அப்போதுதான். அந்தக் கட்டுரைகளில் ஒன்று வெளிவந்தது, ஆராய்ச்சி நிதிச் சங்கம் 1913இல் தொடங்கியதாக மேலே சொன்னேனே, அதே இதழில். ஷார்ட்டோடு சேர்ந்து நெல்லூர் பற்றி எழுதியவர்களில் ஒருவர் சி. ஜி. பண்டிட். அவர்தான் பிற்பாடு ஐசிஎம்ஆரின் முதல் இயக்குநரானார். இந்தக் காசில் பெயர் பொறித்திருக்கும் கவுன்சிலின் முதல் தலைமையாளர், நம் பல்லில் இருக்கும் கறையின் காரணத்தைத் தேடியவர்களில் ஒருவர்! இதை நான் தர்மபுரியில் சொல்லாமல் வேறு எங்கே போய்ச் சொல்வது?

நம் ஊர்த் தண்ணீரில் மட்டும் ஏன் புளோரைடு?

நம் ஊரில் மட்டும் இல்லை. இந்தியாவில் பல மாநிலங்களில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்றாலே இந்தப் பேச்சு வரும் அளவுக்கு இங்கே அதிகம்.

காரணம் காலுக்குக் கீழே இருக்கும் பாறை. கிருஷ்ணகிரி கருங்கல்லை ஏற்றுமதி செய்கிறோம் அல்லவா, அந்த வகைப் பாறைகளுக்குள் புளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. பாறை இடுக்கில் தண்ணீர் நெடுங்காலம் தேங்கி நிற்கும்போது புளோரைடு கரைந்து இறங்குகிறது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால் அது புளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். குறைவாக இருந்தால் புளோரைடு அப்படியே தங்கிவிடும். மழை குறைவு, ஏரி வற்றியது, கிணறு வற்றியது, ஆழ்துளைக் கிணறு இன்னும் கீழே கீழே போனது. கீழே போகப் போக, பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீர்தான் மேலே வந்தது. தாத்தா காலத்துத் திறந்த கிணற்றுத் தண்ணீரில் இவ்வளவு தொல்லை இல்லை என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையும் 1.5தான்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதன் முழுப் பெயரிலேயே புளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கமும் இருக்கிறது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது, ஜப்பான் அரசு நிறுவனத்தின் கடனுதவியோடு கட்டி முடிக்கப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து இரண்டு மாவட்டத்து ஊர்களுக்கும் மேடேற்றிக் கொண்டுவருகிறார்கள். 1937இல் ஒரு கட்டுரை, 2013இல் ஒரு குழாய். இடையில் எத்தனை தலைமுறைப் பற்கள் என்று யோசித்தால் கோபம்கூட வருகிறது. ஆராய்ச்சி முடிவு கையில் இருந்தும் அது குடத்துக்கு வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

என் பிள்ளைக்குப் பல் கறை இருக்கிறது. இப்போது என்ன செய்யலாம்?

நாணயம் பற்றிய பக்கத்தில் இந்தக் கேள்வி எதற்கு என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்குப் போனால் பெற்றோர் கேட்பது இதைத்தான்.

பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், உடம்பில் சேரும் புளோரைடுதான் இந்தக் கறையைத் தருகிறது. வந்த கறை தேய்த்தால் போகாது. செங்கல் தூள், உப்பு, சாம்பல் எதைப் போட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள்; எனாமல்தான் போகும். பல் மருத்துவர் மேற்பூச்சு முறைகளால் தோற்றத்தைச் சரிசெய்ய முடியும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள்.

முக்கியமானது, இனிமேல் குடிக்கிற தண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும் குளோரின் போட்டாலும் போகாது. ஆர்.ஓ. முறையில் குறையும். எல்லாவற்றுக்கும் முன்னால், குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் துவைக்க, கழுவ வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கலாம். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கும் தண்ணீரில் கூடுதல் கவனம் வேண்டும். பால், கேழ்வரகு, கீரை, நெல்லிக்காய் நன்றாகச் சாப்பிடட்டும்; சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சியும் குறைந்த உடம்பில்தான் புளோரைடு அதிகம் வேலை காட்டும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊரில் நெல்லிக்காயைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர்களுக்குக் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புவது, குனிய முடியாமல் போவது இருந்தால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்தக் காசு லட்சக்கணக்கில் விலை போகும் என்று யூடியூபில் சொல்கிறார்களே?

போகாது. தயவுசெய்து நம்பாதீர்கள்.

இது புழக்கத்துக்காக அச்சடித்த காசு. கைமாறித் தேய்ந்த ஒன்றை விற்கப் போனால் ஐந்து ரூபாய்க்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தேயாத, கீறல் விழாத காசுக்குச் சேகரிப்பவர்கள் கொஞ்சம் கூடத் தருவார்கள். நாணயச் சாலையே பெட்டியில் வைத்து விற்கும் பளபளப்புத் தொகுப்புகளின் விலை வேறு, அவை சில்லறையில் வருவதில்லை.

ஏமாற்று வேலை நடக்கும் விதம் எப்போதும் ஒன்றுதான். "உங்கள் காசின் படத்தை அனுப்புங்கள்" என்பார்கள். அனுப்பியதும் சில லட்சம் விலை சொல்வார்கள். அப்புறம் பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, ரிசர்வ் வங்கிக் கட்டணம் என்று ஆயிரம் ஆயிரமாக வாங்குவார்கள். பணம் போனதும் எண் அணைந்துவிடும். பழைய நோட்டு, நாணயம் வாங்குவதும் விற்பதும் தன் வேலை இல்லை, அதற்காக எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டு எச்சரித்தது. காசை விற்பவன் பணம் வாங்க வேண்டும், கொடுக்கக் கூடாது. யாராவது உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் போடுங்கள்.

படம் வேறு மாதிரி இருக்கிறது என்று கடையில் வாங்க மறுக்கிறார்கள். செல்லுமா?

செல்லும். நினைவு நாணயம் என்பதால் மதிப்பு குறையாது. பத்து ரூபாய்க் காசுக்கு நம் பக்கத்துப் பேருந்துகளிலும் சந்தையிலும் நடந்த வாக்குவாதம் எல்லோருக்கும் தெரியும். 2018இல் ரிசர்வ் வங்கி அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று விளக்கியது. ஐந்து ரூபாய்க்கும் அதே கதைதான். ஒரு ரூபாய் முதலான காசுகளை ஒரே தடவையில் ஆயிரம் ரூபாய் வரை கொடுத்தால் சட்டப்படி செல்லும். அதற்கு மேல் வாங்கிக்கொள்வது எதிராளியின் விருப்பம்.

யார் முடிவு செய்து வெளியிடுகிறார்கள்?

மத்திய நிதி அமைச்சகம். சம்பந்தப்பட்ட அமைச்சகமோ அமைப்போ கோரிக்கை வைக்கும், ஏற்றுக்கொண்டால் அரசிதழில் அறிவிப்பு வரும், அதில் எடை, உலோகம், வடிவம் எல்லாம் இருக்கும். அரசு நாணயச் சாலைகள் அச்சடிக்கும். ரிசர்வ் வங்கியின் வேலை அதைப் புழக்கத்துக்கு அனுப்புவது. சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964இல் நேருவுக்கு வந்தது.

இந்தியாவில் மருத்துவம், உடல்நலம் சார்ந்த வேறு காசுகள் உண்டா?

உண்டு. 1993இல் சிறு குடும்பம் பற்றிய இரண்டு ரூபாய், 1996இல் தாயின் நலமே சேயின் நலம் என்ற கருத்தில் ஐந்து ரூபாய், 2009இல் பார்வையற்றோருக்கு எழுத்து தந்த லூயி பிரெயிலுக்கு இரண்டு ரூபாய், 2015இல் யோகா தினத்துக்குப் பத்து ரூபாய். இவற்றில் 1996ஆம் ஆண்டுக் காசு எனக்கு மிகப் பிடித்தது. பெண் சிசுக்கொலையால் பெயர் கெட்டு, தொட்டில் குழந்தைத் திட்டத்தால் மீண்டுவந்த மாவட்டம் நம்முடையது. அந்தக் காசை இங்கே உள்ள பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது சொல்ல நிறைய இருக்கிறது.

வெளிநாடுகளில்?

நிறைய. பிரிட்டன் தன் தேசிய சுகாதாரச் சேவையின் ஐம்பதாவது ஆண்டுக்கு 1998இல் 50 பென்ஸ் காசு வெளியிட்டது. டிஎன்ஏ வடிவம் கண்டறிந்த ஐம்பதாவது ஆண்டுக்கு 2003இல் இரண்டு பவுண்டு. பென்சிலினை மருந்தாக்கிய ஹோவர்ட் ஃபுளோரிக்கு ஆஸ்திரேலியா 1998இல் ஒரு டாலர்.

கனடா 2021இல் இன்சுலின் நூற்றாண்டுக்கு இரண்டு டாலர் காசு வெளியிட்டது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பான்டிங்கும் பெஸ்ட்டும் 1921இல் செய்த வேலை அது. 1922 ஜனவரியில் சாகக் கிடந்த 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள், அவன் பிழைத்தான். வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி இருக்கும் நம் காலத்தில் இதை விளக்கவே வேண்டாம்.

பிள்ளைகளுக்கு நான் விரும்பிச் சொல்வது அமெரிக்கக் கதை. 1938இல் போலியோவை ஒழிக்க ஆளுக்கு ஒரு டைம், அதாவது பத்து சென்ட் காசு, வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்று வானொலியில் கேட்டுக்கொண்டார்கள். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்து குவிந்தன. அப்போதைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே போலியோவால் கால் செயலிழந்தவராக அறியப்பட்டவர். அந்த இயக்கத்தின் பணம்தான் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி ஆராய்ச்சிக்குப் போனது. 1955 ஏப்ரல் 12 அன்று தடுப்பூசி வேலை செய்கிறது என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் இறந்தபின் 1946இல் அதே பத்து சென்ட் காசில் அவர் முகத்தைப் பொறித்தார்கள். 2015இல் வந்த வெள்ளி டாலரில் ரூஸ்வெல்ட்டும் சால்க்கும் சேர்ந்தே இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அனுப்பிய சில்லறையும் ஒரு நோயை அடக்கியதில் பங்கு பெற்றது. நம் நாட்டில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரியில், நம் ஐந்து ரூபாய்க் காசில் இருக்கும் அதே ஆண்டு.

காசு அழுக்காக இருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். புளி, எலுமிச்சை, சபீனா எதுவும் வேண்டாம். பளிச்சென்று ஆகும், ஆனால் மேற்பரப்பு போய்விடும், சேகரிப்பவர் கண்ணுக்கு அது செத்த காசு. மண் ஒட்டியிருந்தால் சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, தேய்க்காமல் அலசி, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். விளிம்பில் பிடித்துத் தூக்குங்கள், முகத்தில் விரல் படக்கூடாது. மலிவான பிவிசி உறைகளில் நாள்பட வைத்தால் பச்சை பூக்கும். நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைத்த அட்டைச் சட்டங்கள் நல்லது.

ஓட்டை போட்டு டாலராகக் கோக்கலாமா?

கூடாது. நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம்.

பள்ளிக் கண்காட்சியில் இதை எப்படி வைப்பது?

தனியாக வைத்தால் யாரும் நிற்க மாட்டார்கள். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஒரு காந்தமும் பக்கத்தில் வையுங்கள். எஃகுக் காசு ஒன்றையும் வைத்து, எது ஒட்டுகிறது என்று பிள்ளைகளே பார்க்கட்டும். காசின் இரண்டு பக்கமும் தெரிய இரண்டு காசுகள் இருந்தால் நல்லது. பின்னால் ஒரு சார்ட்டில் 1911, 1937, 1956, 1959, 2008, 2013 என்று ஆண்டுகளை மட்டும் பெரிதாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளையைப் பேசவிடுங்கள். உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீருக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கும் சோதனை அறிக்கை வாங்க முடிந்தால் அதையும் ஒட்டுங்கள். பெற்றோர் காசைப் பார்க்க வருவார்கள், அறிக்கைக்கு முன்னால் நிற்பார்கள். 1.5க்கு மேல் எண் வந்திருந்தால், அன்றைக்கே ஊராட்சித் தலைவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.